அக்கா நீவாத கை

என் அக்கா மல்லிகா கால் முன்னால் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் தொட்டால் சுளுக்கு விட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் யாருக்காவது கழுத்துப் பிடித்துக்கொண்டால், ஏரிக்கரையில் வழுக்கிக் கணுக்கால் வீங்கினால், காலையில் அவள் வேலைக்குக் கிளம்புவதற்குள் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். வலிக்கிற இடத்தை வலது காலால் மூன்று தரம் தொடுவாள். பிறகு விளக்கெண்ணெய் தடவிக் கட்டைவிரலால் நீவுவாள். யாரிடமும் எதுவும் வாங்கமாட்டாள். வாங்கினால் பலிக்காதாம்.

என் வலது கை போன கதை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டில் ஆறாத வீக்கத்தோடு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு உதவட்டும். எலும்பு வார்டில் ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கிறவர்களுக்கு, இதற்கு முன்னால் இன்னொருவனும் இப்படிக் கிடந்தான் என்று தெரியட்டும்.

அப்போது நான் தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பி.ஏ. வரலாறு, தமிழ் வழியில், கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா திரிசூலம் மலையில் கல் உடைக்கிறவர். அம்மா சித்தாள் வேலைக்குப் போவாள். அக்காவுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் சட்டைப் பித்தானுக்குக் காஜா எடுக்கிற வேலை. வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். தெருவில் மனு எழுத வேண்டும் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும். அப்பா என் நோட்டைப் பிரித்து வரிமேல் விரலை ஓட்டுவார். கல்லைப் பார்க்கிற கண் அது. "பாரு, ஒரு இடத்துல கூட கோணல. நூல் புடிச்ச மாதிரி கீது" என்று அம்மாவிடம் சொல்வார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதே இல்லை.

ஐப்பசி மழையில் வலது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. கட்டைவிரல் பக்கமாக ஒரு வீக்கம். பேருந்தில் கம்பியைப் பிடித்துத் தொங்கியதில் சுளுக்கியிருக்கும் என்று நினைத்தோம். தாம்பரத்தில் ஒரு டாக்டர் மாத்திரை கொடுத்து, இழுத்தால் நீள்கிற துணிப்பட்டி ஒன்றைச் சுற்றிவிட்டார். வலி போகவில்லை. வீட்டிலேயே சுளுக்கு எடுக்கிறவள் இருக்கும்போது இன்னொரு டாக்டரிடம் யார் போவார்கள்?

தினமும் காலையில் அக்கா நீவினாள். பொய் சொல்லக்கூடாது, அவள் நீவினால் அரைமணி நேரம் சுகமாக இருக்கும். அந்த அரைமணி நேரத்தில் வேகவேகமாகக் குறிப்பு எடுத்துவிடுவேன். கார்த்திகை பிறந்தது. வீக்கம் ஒரு எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. "இன்னும் உள்ள கீதுடா, ரெண்டு நாள்ல எறங்கிடும்" என்றாள். ஒரு காலை, அவள் கட்டைவிரல் அந்த மேட்டைத் தாண்டும்போது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம். வலி வருவதற்கு முன்னால் சத்தம்தான் வந்தது. அக்கா கையை எடுக்கவில்லை. அப்படியே வைத்திருந்தாள்.

"இன்னாடா அது?" என்றாள்.

அப்போதுதான் வலி வந்தது.

அன்றைக்கே மின்சார ரயிலேறி, மெட்ராஸில் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பா, அக்கா, நான். என் கையை அப்பா தன் துண்டால் கழுத்தோடு சேர்த்துத் தூளி கட்டியிருந்தார். வெளிநோயாளிகள் கூடத்தில் உட்கார இடமில்லை. எண்ணெய் வாசனை என் கையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற அம்மாள், "நீவுனீங்களா?" என்று கேட்டாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எக்ஸ்ரே ஈரம் காயாமல் வந்தது. பார்த்த டாக்டரம்மாவுக்கு என்னைவிடச் சில வயதுதான் அதிகம் இருக்கும். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எங்களையும் கிட்டே வரச் சொன்னார்.

"இங்க எலும்பு கெட்டியா, வெள்ளையாத் தெரியணும். இது பாரு, சோப்பு நுரை மாதிரி இருக்கு. எலும்புக்குள்ள ஒரு கட்டி. உன் வயசுல வரும். பெரும்பாலும் புற்றுநோய் இல்ல. ஆனா இருக்கிற எடத்தக் கரையான் மாதிரி அரிச்சிடும். மேல ஓடு மட்டும் இருந்துது, அதுவும் இப்ப ஒடஞ்சிருக்கு." பிறகு என்னைப் பார்த்து, "யாராவது நீவி விட்டாங்களா?" என்றார்.

"இல்ல மேடம்" என்றேன்.

"நான்தாம்மா" என்றாள் அக்கா. இரண்டு கைகளையும் மேஜைமேல் நீட்டினாள், பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்குகிற பிள்ளை நீட்டுவது போல.

டாக்டரம்மா திட்டவில்லை. "நீங்க நீவுனதால கட்டி வரல. நீவாம இருந்தாலும் ஒரு நாள் ஒடஞ்சிருக்கும். ஆனா ஒடையறதுக்கு முன்னாடி வந்திருந்தா சின்ன ஆபரேஷனோட போயிருக்கும்" என்றார்.

நான் முதல் பாதியைக் கேட்டேன். அக்கா இரண்டாவது பாதியைக் கேட்டாள்.

வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். கட்டியிலிருந்து துளி சதை எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்ப்பார்கள், அதன் முடிவு வர நாளாகும், அதுவரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். கெட்ட முடிவாக வந்தால் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட வேண்டியிருக்கும் என்பதையும் டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். நல்ல முடிவாக வந்தால், அரித்துப்போன எலும்பை வெட்டி எடுத்துவிட்டு, காலிலிருந்து ஒரு மெல்லிய எலும்பை எடுத்து அந்த இடத்தில் பொருத்துவார்கள். கை நிற்கும். மணிக்கட்டு மடங்காது.

"ஏப்ரல்ல பரீட்சை மேடம். எழுத முடியுமா?" என்று கேட்டேன். உயிரைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"எந்தக் கையில எழுதுவ?"

"இதுலதான்."

"எந்த முடிவு வந்தாலும் ஏப்ரலுக்குள்ள இதால எழுத முடியாது. அந்தக் கையில பழகு. இன்னிக்கே ஆரம்பி."

பக்கத்துக் கட்டிலில் பஷீர் பாய் இருந்தார். குரோம்பேட்டைக்காரர். திருமுடிவாக்கத்தில் தகடு அழுத்துகிற மிஷினில் வேலை. இடது கையில் இரண்டு விரல்களை மிஷின் எடுத்துக்கொண்டுவிட்டது. டாக்டரம்மா போனதும் அவர் தன் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார்.

"தம்பி, உனக்கு சோத்துக்கை அவுட்டு. எனக்கு நொட்டாங்கை அவுட்டு. நம்ம ரெண்டு பேரையும் சேத்துத் தெச்சா ஒரு ஆளு கரெக்டா வருவான். இன்னா பேஜார் பாரு, தலைதான் ரெண்டு இருக்கும்."

அந்த வார்டில் நான் முதலில் சிரித்தது அதற்குத்தான்.

இடது கையில் எழுதிய முதல் வார்த்தை என் பெயர். சதை எடுக்கிற சின்ன அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் கேட்கிற தாளோடு நர்ஸ் வந்தார். என் வலது கையைப் பார்த்துவிட்டு, மைப் பெட்டியைத் திறந்து, "ரேகை வச்சாப் போதும்ப்பா" என்றார். எங்கள் வீட்டில் ரேஷன் கடையிலும் கூட்டுறவு சங்கத்திலும் எல்லோரும் வைத்தது இடது கட்டைவிரல் ரேகைதான். நான் படித்ததே அந்த மை இனி எங்கள் வீட்டு விரலில் படக்கூடாது என்பதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். "பேனா குடுங்க சிஸ்டர்" என்றேன்.

பேனாவை விரல்களுக்கு நடுவில் வைத்ததும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்று தெரியவில்லை. 'த' என்று நினைத்தேன். கை வேறு ஏதோ வரைந்தது. 'ணி'யின் சுழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. நர்ஸ் காலை மாற்றி மாற்றி நின்றார். தணிகாசலம் என்று எழுதி முடித்தபோது அது கோடு விட்டுக் கீழே இறங்கி, தாளின் விளிம்புக்கே வந்திருந்தது.

அப்பா குனிந்து பார்த்தார். நூல் பிடித்துப் பார்க்கிற அந்தக் கண்.

"கோணிக்கினு போச்சேடா" என்றார் மெதுவாக. பிறகு சாட்சிக்குத் தன் கட்டைவிரலை மையில் அமுக்கி, என் பெயருக்குக் கீழே வைத்தார். "சரி வுடு. இதுவும் கோணல்தான்."

முடிவு நல்லதாக வந்தது. மார்கழிக் கடைசியில் அறுவை சிகிச்சை செய்தார்கள். விழித்தபோது கையைவிடக் கால்தான் அதிகம் வலித்தது. கையில் விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிகிற மாவுக்கட்டு. ராத்திரிகள் நீளமானவை. யாராவது முனகுவார்கள், யாராவது அவரை அடங்கச் சொல்வார்கள், பிறகு சொன்னவரே முனகுவார். இல்லாத விரல் அரிக்கிறது என்று பஷீர் பாய் சொறியப் போய் ஏமாந்து, தன்னையே திட்டிக்கொள்வார்.

அக்கா கம்பெனிக்குச் சம்பளமில்லாத லீவு சொல்லிவிட்டு, தினமும் செம்பாக்கத்திலிருந்து ரசம் சோறு கொண்டுவந்தாள். வெளியே வாங்கச் சொல்கிற மருந்துக்கெல்லாம் அவளே கடை கடையாக ஏறினாள். தலைவாரி விட்டாள், ஸ்பூனால் ஊட்டினாள், சட்டைப் பித்தானைப் போட்டாள். ஆனால் என் கையைத் தொடவில்லை. வலது கையை மட்டுமல்ல, இடது கையையும். தண்ணீர் டம்ளரைக் கொடுத்தால்கூட விளிம்பைப் பிடித்து, என் விரல் படாமல் கொடுப்பாள். முதலில் நான் கவனிக்கவில்லை. கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்கள் வீங்காமலிருக்க, தினமும் மெதுவாகப் பிடித்துவிடச் சொல்லி நர்ஸ் அவளிடம் சொன்ன அன்றுதான் கவனித்தேன். தலையாட்டினாள். நர்ஸ் போனதும் பஷீர் பாயிடம் திரும்பினாள்.

"பாய், நீங்க கொஞ்சம் புடிச்சி வுடறீங்களா?"

"ஏம்மா, உன் தம்பிதானே? நான் இன்னா நர்ஸா?"

"இல்ல பாய். என் கை ஆவாது."

பாய் அவளை ஒரு தரம் பார்த்தார். கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தன் நல்ல கையால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துவிட்டார். அக்கா டிபன் கேரியரைக் கழுவுகிறேன் என்று போய்விட்டாள்.

பொங்கல் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வலது கை இருந்தது. கொக்கி மாதிரி ஒரு பையை மாட்டிக்கொள்ளலாம். பேனா நிற்காது. ஊருக்குள் சேதி போயிருந்தது. ஆனாலும் எதிர் வீட்டுப் பாக்கியம் அத்தை கழுத்தைச் சாய்த்துக்கொண்டு வந்து நின்றாள்.

"மல்லிகா, ராத்திரி படுக்க முடியலடி."

"என் கால்ல ஒண்ணும் கெடையாது, அத்த. நீ வேற ஆளப் பாரு" என்றாள் அக்கா, வெளியே வராமலேயே. விளக்கெண்ணெய்ப் பாட்டிலை அவள் தூக்கிப் போட்டுவிட்டதை அன்றுதான் பார்த்தேன்.

கல்லூரி அலுவலகத்தில், நான் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதற்கு மருத்துவக் குழுவின் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். அந்தக் குழு கொடுத்த தேதி பரீட்சைக்குப் பிறகு. ஆகவே இடது கைதான்.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் ரெட்டைக் கோடு போட்ட நோட்டு கேட்டேன். "பாப்பா எந்த கிளாஸ் சார்?" என்றார் கடைக்காரர். "ஒண்ணாங்கிளாஸ்" என்றேன். பொய்யில்லை.

இடது கை பேனாவை இழுத்துக்கொண்டு போகாது, தள்ளிக்கொண்டு போகும். தள்ளினால் முள் தாளைக் குத்தும். இங்க் பேனா வைத்தால், எழுதிய வரியை உள்ளங்கை துடைத்துக்கொண்டே போகும். சாயங்காலம் பார்த்தால் நோட்டில் இருப்பதைவிட என் கையில் அதிகம் எழுதியிருக்கும். ரீஃபில் பேனாவுக்கு மாறினேன். 'ப'வும் 'ட'வும் சீக்கிரம் வந்தன. சுழி உள்ள எழுத்துகள் எல்லாம் பிடிவாதம் பிடித்தன. மனதில் சரியாக இருக்கும் 'ழ', தாளில் ஒரு குழந்தை வரைந்த வாத்தாக வரும். மூன்று மாதத்துக்கு முன் ஒரு மூச்சில் எழுதிய பக்கத்துக்கு ஒரு மத்தியானம் முழுக்க ஆனது. ஒருநாள் நோட்டைக் கிழித்துப் போட்டேன். அப்பா துண்டுகளைப் பொறுக்கி எடுத்து, ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, "இந்த வரி அவ்ளோ மோசமில்லையே" என்றார்.

அம்மாவுக்கு வேறு கவலை. சாப்பிட, கொடுக்க, வாங்க எதற்கும் ஆகாத கையால் பிள்ளையார் சுழி போடுகிறேனே என்று. "மத்ததெல்லாம் எதால வேணா எழுது. சாமிக்கு மட்டும் அந்தக் கையால போடாதடா." அதனால் ஒவ்வொரு நாளும் முதல் பக்கத்தில், மாவுக்கட்டு விரல்களுக்கு நடுவில் பென்சிலைச் செருகி, தோளோடு அசைத்து, ஒரு சுழி போட்டுவிட்டுத்தான் இடது கைக்கு மாறுவேன். பேருந்தில் கண்டக்டரும் இதைத்தான் சொன்னார். சில்லறையை நீட்டினால், "காலங்காத்தால நொட்டாங்கையால நீட்றியே" என்பார். கட்டைக் காட்டினால், "சரி சரி, உள்ள போ" என்பார்.

பங்குனியில் பக்கம் ஒன்றுக்கு அரைமணி என்ற நிலைக்கு வந்தேன். போதாது. விடிந்ததிலிருந்து எழுதினேன். பரீட்சைக்குச் சில நாட்கள் இருக்கும்போது, இடது கட்டைவிரலின் அடியில் வலி ஆரம்பித்தது. அதே பக்கம். அதே மாதிரி வீக்கம். கட்டி திரும்ப வரக்கூடும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதே இடத்தில்தான் வரும் என்றும் சொல்லியிருந்தார். அந்த இரண்டாவது விஷயம் எனக்கு அப்போது நினைவுக்கே வரவில்லை. வீட்டில் சொல்லாமல் முதுகுக்குப் பின்னால் கையை மறைத்துக்கொண்டு நடந்தேன். அக்கா பார்த்துவிட்டாள்.

"காட்டு."

காட்டினேன். பார்த்தாள், தொடவில்லை. உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "கெளம்பு. இப்பவே" என்றாள். ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்தோம். இரண்டு கையும் போனால் நான் யார் என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அவள் என்ன யோசித்தாள் என்று தெரியாது. சைதாப்பேட்டை வரை அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

டாக்டரம்மா படத்தை ஜன்னலில் பிடித்தார். "எலும்பு சுத்தமா இருக்கு."

"நல்லா பாத்தீங்களாம்மா?" என்றாள் அக்கா.

"பாத்தேன்."

"இன்னொரு தபா பாருங்க."

டாக்டரம்மா இன்னொரு தடவையும் பார்த்தார். எலும்பின் ஓரத்தை விரலால் வரைந்து காட்டினார். "வெள்ளையா, கெட்டியா இருக்கு பாருங்க. வேல செஞ்சு பழக்கமில்லாத கை. சதை பிடிச்சிருக்கு, அவ்வளவுதான். வெந்நீர் ஒத்தடம் குடுங்க. மெதுவா தடவி விடலாம்." நிறுத்தி, அக்காவைப் பார்த்தார். "நீங்களே தடவி விடலாம்."

அக்கா அந்த எக்ஸ்ரே படத்தைக் கேட்டு வாங்கி, மடங்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். ஆனால் தடவவில்லை. ஒத்தடம் கொடுத்தது அம்மாதான். நான் கேட்டுப் பார்த்தேன்.

"டாக்டரே சொன்னாங்கள்லக்கா."

"அவங்க சொல்லுவாங்க. என் காதுல அந்த சத்தம் கீதுடா" என்றாள்.

முதல் பரீட்சை நாள். காலையில் எழுந்தபோது விரல்கள் பாதிதான் மூடின. பேனாவைப் பிடித்தேன், நழுவியது. மறுபடி பிடித்தேன். அக்கா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்துவிட்டு என்னோடு பேருந்து நிறுத்தம் வரை வந்தாள். அங்கே நாலைந்து பேர் நின்றார்கள். பாக்கியம் அத்தையும் இருந்தாள்.

"குடு" என்றாள் அக்கா.

ஹால் டிக்கெட் என்று நினைத்து எடுத்தேன். அதைத் தள்ளிவிட்டு என் இடது கையைப் பிடித்தாள். எண்ணெய் இல்லை. காலால் தொடவில்லை. கட்டைவிரலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். நகர்த்தவே நேரமானது. பிறகு, அத்தனை பேர் பார்க்க, குனிந்து தன் காதை என் மணிக்கட்டின் மேல் வைத்துக்கொண்டாள். அப்படிக் காதை வைத்துக்கொண்டே, நூலிழை நூலிழையாக நீவினாள்.

"கேக்குதா?" என்றாள்.

"இல்லக்கா."

"எனக்கும் கேக்கல."

பேருந்து வந்தது. அடுத்த பேருந்துக்குப் போகலாம் என்று அவளே கையைக் காட்டி அனுப்பிவிட்டாள். கடைசியில் நிமிர்ந்தபோது அவள் கன்னத்தில் என் கை ரோமத்தின் கோடுகள் பதிந்திருந்தன.

தேர்வுக் கூடத்தில் வலது கையால் சுழி போட்டேன். பிறகு இடது கையால், கேள்விகளில் பதில் சின்னதாக இருப்பவற்றைப் பொறுக்கி எழுதினேன். மற்றவர்கள் கூடுதல் தாள் கேட்டு எழுந்துகொண்டே இருந்தார்கள். நான் கேட்கவில்லை. கடைசிக் கேள்வி பாதியில் நின்றது. அந்த வருடம் இரண்டு தாள் போயிற்று. அடுத்த முறை எழுதித்தான் பட்டம் வாங்கினேன், மூன்றாம் வகுப்பில். அதற்குமேல் அந்தக் கையால் முடியவில்லை. இப்போதும் என் எழுத்து வலது பக்கம் சரிந்துதான் போகிறது. அப்பா அதில் விரல் வைத்துப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

கூடத்தை விட்டு வெளியே வந்தபோது, அக்கா கம்பெனிக்குப் போகாமல் கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை.

"கை?" என்றாள்.

விரல்களை விரித்தும் மூடியும் காட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் அத்தை மறுபடி வந்தாள். "அதான் நீவ ஆரம்பிச்சிட்டியே, நானே பாத்தேன். என் கழுத்தயும் பாரேன்டி."

அக்கா எழுந்து, பரணிலிருந்து என் எக்ஸ்ரே படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். டாக்டரம்மா காட்டியது போலவே எலும்பின் ஓரத்தில் விரலை ஓட்டினாள்.

"இப்டி வெள்ளையா இருக்கணும் அத்த. மொதல்ல போய் இந்த மாதிரி ஒண்ணு எடுத்துகினு வா. அப்பறம் நீவறேன்."

"சுளுக்குக்கு எவடி போட்டோ எடுப்பா?" என்று அத்தை முணுமுணுத்துக்கொண்டே போனாள். எடுத்துக்கொண்டு வரவில்லை. இப்போது எங்கள் வீட்டுக்குச் சுளுக்கென்று அதிகம் பேர் வருவதில்லை. வருகிறவர்களிடம் அவள் அதையேதான் சொல்கிறாள். படத்தோடு வருகிற ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் நீவுகிறாள், நீவுகிற இடத்தில் காதை வைத்துக்கொண்டு.